புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது எப்படி: பரீட்சை எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வெள்ளவத்தையில் தியரி வகுப்பு. பத்தரைக்குப் பம்பலப்பிட்டியில் ரிவிஷன். பின்னேரம் கொட்டாஞ்சேனையில் பேப்பர் வகுப்பு. இடையில் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி ஒரு பணிஸ். இரவு வீட்டுக்கு வரும்போது சீ.ஆர். கொப்பியில் முப்பது பக்கம் நிரம்பியிருக்கும். அதில் எத்தனை பக்கம் தலையில் இருக்கிறது என்று அன்றிரவே பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் மனம் நொந்துபோகும் என்பதும் ஒரு காரணம்.

இங்கே சொல்லப்படும் முறைகள் உயர்தர, சாதாரண தர மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வங்கிப் பரீட்சை, கணக்கியல் பரீட்சை, இரண்டாம் மொழிப் பரீட்சை எழுதும் பெரியவர்களுக்கும் பொருந்தும். தேவையானவை கொஞ்சம் வெள்ளைத் தாள், நீலப் பேனை ஒன்று, சிவப்புப் பேனை ஒன்று, பழைய சப்பாத்துப் பெட்டி ஒன்று, சுவரில் ஒரு நாட்காட்டி. ஹைலைட்டர் வேண்டாம்.

வாசித்தால் தெரிந்ததுபோல் இருப்பது ஏன்

நினைவுக்கு இரண்டு வேலைகள். ஒன்று உள்ளே வைப்பது, மற்றது வேண்டிய நேரத்தில் வெளியே எடுப்பது. பரீட்சை மண்டபத்தில் இரண்டாவது வேலைதான் நடக்கிறது. ஆனால் வீட்டில் நாம் செய்யும் படிப்பில் பெரும்பகுதி முதலாவது வேலை: வாசிப்பது, திரும்ப வாசிப்பது, கோடிழுப்பது, நோட்ஸைப் பார்த்து இன்னொரு கொப்பியில் அழகாக எழுதுவது. மூன்றாம் தடவை வாசிக்கும்போது பக்கம் பழகிவிடுகிறது. கண் தடங்கலில்லாமல் ஓடுகிறது. அந்த ஓட்டத்தை மூளை ‘இது எனக்குத் தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறது. முகத்தைப் பார்த்தவுடன் ஆளைத் தெரியும், பெயர் மட்டும் வராது அல்லவா? அதே கதைதான்.

2006இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். சூரியனைப் பற்றி ஒரு பந்தி, கடல் நீர்நாயைப் பற்றி ஒரு பந்தி. ஒரு முறையில் மாணவர்கள் பந்தியை இரண்டு தடவை வாசித்தார்கள். மற்ற முறையில் ஒரு தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை வாசித்ததே மேல்: 81 வீதம், எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ். வாசித்ததில் 42 வீதம், எழுதிப் பார்த்ததில் 56. பரீட்சைக்கு முந்தைய இரவு திரும்பத் திரும்ப வாசிப்பது உதவுவதுபோல் தோன்றுவதும், மாதக்கணக்கில் அதே முறையை நம்பினால் கைவிடுவதும் இந்த நான்கு எண்களுக்குள் இருக்கிறது.

மறதியின் வேகத்தைப் பற்றி எல்லோரும் காட்டும் வளைகோடு ஜெர்மானியரான ஹேர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்டது. தன்னையே சோதனைப் பொருளாக வைத்து, அர்த்தமில்லாத அசைகளைப் பாடமாக்கி, திரும்பப் பாடமாக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு மணித்தியாலத்தில் மிச்சம் 44 வீதம், ஒரு நாளில் 34, 31 நாளில் 21. இதைச் ‘ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துபோகும்’ என்று மேடைகளில் சொல்வார்கள். அது சரியல்ல. அவர் அளந்தது மிச்சமான நேரத்தை. பாடமாக்கியது வெறும் அசைகளை. விளங்கிப் படித்த பாடம் இதைவிட மெதுவாகத்தான் கரையும். ஆனால் கோட்டின் வடிவம் உண்மை: முதல் நாளில் செங்குத்தான சரிவு, பிறகு தட்டையாகிறது. அதனால்தான் முதல் மீட்டலை அன்றைக்கோ அடுத்த நாளோ வைக்கச் சொல்கிறோம்.

இன்னொரு எல்லை, ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துப் புரட்டக்கூடிய அளவு. 1956இல் ஜோர்ஜ் மில்லர் ஏழு என்றார். 2001இல் நெல்சன் கோவன் பழைய சோதனைகளை அலசி, கிட்டத்தட்ட நான்கு என்று குறைத்தார். பதினாறு புள்ளிகள் உள்ள பட்டியலை ஒரே மூச்சில் விழுங்க முடியாமல் போவது சோம்பலால் அல்ல. நான்கு நான்காகப் பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைப்பு வைத்தால், நான்கு தலைப்பை நினைத்தாலே பதினாறும் வரும்.

வெற்றுத்தாள் முறை

மற்ற எதையும் செய்ய நேரமில்லாதவர் இதை மட்டும் செய்தால் போதும். ஒரு சுற்றுக்கு 45 முதல் 50 நிமிடம்.

1. ஒரு உபதலைப்பை எடுங்கள். பாடநூலில் நான்கு முதல் ஆறு பக்கம். ‘மனித இதயத்தின் அமைப்பும் குருதியோட்டமும்’ சரியான அளவு. ‘சுற்றோட்டத் தொகுதி’ முழுவதும் என்றால் பெரிது.

2. வாசிக்க முன் மூன்று கேள்விகளை எழுதி, தெரிந்த மட்டும் பதில் எழுதுங்கள். இடது இதயவறையின் சுவர் ஏன் தடிப்பு? குருதி சுவாசப்பைக்கு எந்த வழியால் போகிறது? பதில் பிழையாகத்தான் இருக்கும், பரவாயில்லை. முயன்று பிழைவிட்ட கேள்விக்கான பதில் பிறகு வாசிப்பில் எதிர்ப்படும்போது கூடுதலாகப் பதிகிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் இதில் இருக்க வேண்டாம்.

3. இருபது நிமிடம் வாசியுங்கள். கையில் பேனை வேண்டாம். ஒவ்வொரு பந்தி முடிவிலும் ‘ஏன் இப்படி?’ என்று ஒரு தடவை கேட்டால் போதும்.

4. புத்தகத்தை மூடி, ஐந்து நிமிடம் வேறு வேலை. கோப்பையைக் கழுவுங்கள், உடுப்பை மடியுங்கள். போனைத் தொட வேண்டாம். உடனே எழுதினால் இன்னும் மனத்தின் மேசையில் கிடப்பதைத்தான் எழுதுவீர்கள், நினைவிலிருந்து எடுத்ததாக ஆகாது.

5. வெற்றுத்தாளில் நீலப் பேனையால் பத்து நிமிடம். வரைபடம், அம்புக்குறி, அரைகுறை வசனம், எதுவும் ஆகலாம். இதயத்தின் நான்கு அறைகளையும் வரைந்து, குருதியை வலது சோணையறையில் இறக்கி, முக்கூர் வால்வு வழியே நடத்தி, தொகுதிப் பெருநாடி வரை கொண்டுபோய்ச் சேருங்கள். இடையில் தடைப்பட்டால் உடனே புத்தகத்தைத் திறக்காமல் ஒரு முழு நிமிடமாவது காத்திருங்கள். நா நுனியில் நின்று வராமல் படுத்தும் அந்த நிமிடத்தில்தான் வேலை நடக்கிறது.

6. புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனையால் திருத்துங்கள். பிழையைத் திருத்துவது எல்லோரும் செய்வது. விடுபட்டதைச் சேர்ப்பதைத்தான் மறப்பார்கள். தாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே புத்தகத்தின் ஒவ்வொரு பந்தியிலும் விரலை வைத்து, அது தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

7. மறுபடி மூடி, சிவப்பில் வந்தவற்றை மட்டும் இன்னொரு தடவை எழுதுங்கள். மேல் மூலையில் இன்றைய திகதி, அடுத்த மீட்டல் திகதி.

தாள் கிறுக்கலாக இருக்க வேண்டும். அதை அம்மாவுக்குக் காட்டும் அளவுக்கு அழகாக எழுதத் தொடங்கினால் பார்த்தெழுதும் பழக்கம் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொரு பிழை, புத்தகத்தின் தலைப்புகளை முதலிலேயே தாளில் எழுதிவைத்து இடைவெளியை நிரப்புவது. தலைப்பே பாதி விடை. மண்டபத்தில் அதைத் தர யாரும் இல்லை.

எழுதியது மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லையா? அது மறதியல்ல, பாடம் விளங்கவில்லை. விளங்காததை எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் பலனில்லை. பகுதியைப் பாதியாக்கி வாசியுங்கள், அல்லது யாரிடமாவது கேட்டுவிட்டு வாருங்கள்.

ஒரு தடவை சரியாக வந்துவிட்டது, இனித் தேவையில்லை என்று விடுவதுதான் கெட்டிக்கார மாணவர்களின் பிழை. அதே கார்ப்பிக்கும் ரோடிகரும் 2008இல் 40 சுவாகிலி மொழிச் சொற்களை வைத்துச் செய்த சோதனையில், ஒரு தடவை சரியாகச் சொன்ன சொல்லை மறுபடி சோதிக்காமல் விட்டவர்களுக்கு ஒரு வாரத்தின் பின் மூன்றில் ஒரு பங்கு அளவே நினைவிருந்தது. தொடர்ந்து சோதித்தவர்களுக்கு 80 வீதம். சரியாக வந்த சொல்லை மேலும் வாசித்ததால் பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

ஒரே நாளில் மூன்று மணித்தியாலம் இருப்பதைவிட, மூன்று நாளில் ஒவ்வொரு மணித்தியாலமாக இருப்பது நீண்ட காலம் நிற்கும். எவ்வளவு இடைவெளி என்பது எவ்வளவு காலம் நினைவிருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. செப்பீடாவும் சகாக்களும் 1,350க்கு மேற்பட்டோரை வைத்துச் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வாரம் நினைவிருக்க வேண்டுமானால் அந்தக் காலத்தின் 20 முதல் 40 வீதமும், ஒரு வருடம் நினைவிருக்க வேண்டுமானால் 5 முதல் 10 வீதமும் நல்ல இடைவெளி. அதாவது அடுத்த வாரத் தவணைப் பரீட்சைக்கு இரண்டு நாள். அடுத்த வருட உயர்தரத்துக்கு மூன்று முதல் ஐந்து வாரம்.

நடைமுறையில் இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. எனவே ஒரு பொது வரிசை: படித்த நாள், அடுத்த நாள், 4ஆம் நாள், 10ஆம் நாள், 25ஆம் நாள், பிறகு மாதம் ஒருமுறை. மீட்டல் என்றால் மறுபடி வாசிப்பது அல்ல. புதிய வெற்றுத்தாள், ஐந்தாம் படியிலிருந்து. முதல் நாள் பத்து நிமிடம் எடுத்தது 25ஆம் நாளில் நான்கு நிமிடத்தில் முடியும். ஒரு நாள் தவறினால் அந்தத் தலைப்பை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள். முழு வரிசையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், அப்படித் தொடங்கியவர்கள் இரண்டாம் வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள்.

ஒரு நாளில் எத்தனை மீட்டல்? பாடசாலை நாளில் மூன்று, விடுமுறையில் ஆறு. அதற்கு மேல் நாட்காட்டியில் எழுதிவைப்பது ஆசைக்கு எழுதுவது.

வகுப்புக்கும் இதே கணக்குத்தான். மூன்று மணித்தியாலம் கேட்டதை அன்று இரவு பதினைந்து நிமிடம் பார்க்காமல் எழுதாவிட்டால், அடுத்த சனிக்கிழமை ஆசிரியர் ‘போன கிழமை சொன்னேனே’ என்னும்போது முழு வகுப்பும் தலை குனியும். பஸ் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அங்கேயே தொடங்கலாம்: கொப்பியைத் திறக்காமல், இன்று சொன்ன ஐந்து விடயங்கள் எவை? நான்குதான் வருகிறதென்றால் ஐந்தாவதைத் தேட வீட்டில் கொப்பியைத் திறக்கலாம்.

அட்டைகளும் சப்பாத்துப் பெட்டியும்

வரைவிலக்கணம், ஆண்டு, நிறம், சூத்திரம், சொல் போன்ற துண்டுத் தகவல்களுக்கு வெற்றுத்தாள் வசதியில்லை, அட்டை நல்லது. ஏ4 அளவுத் தடித்த தாளை மூன்று தடவை மடித்து வெட்டினால் எட்டு அட்டை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10.5 x 7.4 சென்ரிமீற்றர். பிரிஸ்டல் போர்ட்டும் ஆகும். சாதாரண போட்டோகொப்பித் தாளில் எழுதினால் பின்பக்க விடை முன்பக்கம் தெரியும்.

அட்டை எழுதுவதில்தான் பாதிப் பேர் பிழைவிடுகிறார்கள். ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி, ஒரு சிறு விடை. ‘டொனமூர் யாப்பு’ என்று முன்னால் எழுதி, பின்னால் பத்து வரி நிரப்பியது அட்டையல்ல, சின்னப் பக்கம். பத்தில் ஆறு வந்தால் அதைச் சரி என்பீர்களா, பிழை என்பீர்களா? உடைத்து எழுதுங்கள்:

– டொனமூர் யாப்பு நடைமுறைக்கு வந்த ஆண்டு? 1931.
– அதன் சட்டசபையின் பெயர்? அரசாங்க சபை.
– நிர்வாகக் குழுக்கள் எத்தனை? ஏழு.
– நிர்வாகக் குழு முறையை நீக்கி அமைச்சரவை முறையைக் கொண்டுவந்த யாப்பு? சோல்பரி, 1947.

நான்காவது அட்டை முக்கியமானது. குழம்பக்கூடிய இரண்டு விடயங்களை நேருக்கு நேர் நிறுத்தும் அட்டை அது. இரசாயனவியலில் சுவாலைச் சோதனைக்கும் அப்படித்தான்: சோடியம் மஞ்சள், பொற்றாசியம் ஊதா, பேரியம் பச்சை. ‘பொற்றாசியத்தின் நிறம் என்ன?’ என்று ஓர் அட்டை, ‘ஊதாச் சுவாலை தருவது எது?’ என்று இன்னோர் அட்டை. ஒரு திசையில் தெரிந்தது மறுதிசையில் தானாக வராது.

இனிப் பெட்டி. ஜெர்மன் மொழியில் எழுதிய செபஸ்தியான் லைட்னர் 1970களில் பிரபலமாக்கிய முறை. பெட்டிக்குள் காட்போட் வைத்து ஐந்து அறையாக்குங்கள். புதிய அட்டை எல்லாம் முதலாம் அறையில். சரியாகச் சொன்ன அட்டை ஓர் அறை முன்னேறும், பிழைத்தது எங்கிருந்தாலும் முதலாம் அறைக்குத் திரும்பும்.

முதலாம் அறை: தினமும்.
இரண்டாம் அறை: திங்கள், வியாழன்.
மூன்றாம் அறை: ஞாயிறு.
நான்காம் அறை: இரண்டு கிழமைக்கு ஒருமுறை.
ஐந்தாம் அறை: மாதம் ஒருமுறை, போயா நாளில். விடுமுறை நாள், மறக்காது.

ஒரு நாளைக்குப் புதிதாகப் பன்னிரண்டு அட்டைக்கு மேல் போட வேண்டாம். பன்னிரண்டு என்றால், சில கிழமைகளின் பின் ஒரு வியாழக்கிழமை உங்கள் முன்னால் ஐம்பது, அறுபது அட்டை இருக்கும், கால் மணித்தியால வேலை. நாற்பது போட்டால் அதே வியாழக்கிழமை இருநூறு. உற்சாகத்தில் முதல் நாள் நூறு அட்டை எழுதியவரின் பெட்டி மூன்றாம் கிழமை கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

பார்க்கும்போது விடையை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அல்லது எழுதிவிட்டு, பிறகுதான் திருப்ப வேண்டும். மனத்துக்குள் ‘ம்ம், தெரியும்’ என்று திருப்பினால் பெட்டி உங்களை ஏமாற்றவில்லை, நீங்கள்தான் பெட்டியை ஏமாற்றுகிறீர்கள்.

போனில் செய்ய விரும்புவோருக்கு ஆன்கி என்ற செயலி இருக்கிறது. கணினியிலும் ஆண்ட்ரொய்டிலும் இலவசம், ஐபோனில் பணம். இடைவெளிக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய நோட்ஸை அதில் ஒட்டினால் குழம்பிய ஆங்கில எழுத்துகள்தான் தெரியும்; முதலில் யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். இன்னொருவர் செய்த அட்டைத் தொகுப்பை வட்ஸ்அப்பில் வாங்கிப் போடுவதை நாம் பரிந்துரைப்பதில்லை. எதை அட்டையாக்குவது என்று தீர்மானிப்பதே பாதிப் படிப்பு.

கணக்குகளைக் கலந்து செய்யுங்கள்

இணைந்த கணிதப் பயிற்சிப் புத்தகத்தில் ‘பகுதிகளாகத் தொகையிடல்’ என்ற தலைப்பின் கீழ் இருபது கணக்கு இருக்கும். ஐந்தாவது கணக்கிலிருந்து கை தானாக ஓடும். ஏனென்றால் எந்த முறை என்பதைத் தலைப்பே சொல்லிவிட்டது. வினாத்தாளில் தலைப்பு இல்லை. பிரதியீடா, பகுதிப் பின்னமா, பகுதிகளாகவா என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே முதல் வேலை. அந்த வேலைக்கு மட்டும் வீட்டில் ஒரு நாளும் பயிற்சி இல்லை.

ரோறர், டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், நான்கு வகைத் திண்மங்களின் கனவளவைக் கண்டுபிடிக்கும் பயிற்சி. வகை வகையாகச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 வீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரத்தின் பின் பரீட்சையில் வகை வகையாகச் செய்தவர்கள் 20 வீதம், கலந்து செய்தவர்கள் 63. பயிற்சியின்போது கெட்டிக்காரராகத் தெரிந்தவர்கள்தான் பரீட்சையில் விழுந்தார்கள்.

செய்ய வேண்டியது: புதிய முறையை முதலில் ஐந்தாறு கணக்கில் தனியாகப் பழகுங்கள், அது இல்லாமல் கலந்தால் வெறும் தடுமாற்றம்தான். பிறகு பழைய மூன்று முறைகளிலிருந்து நான்கு நான்கு கணக்கைத் துண்டுத் தாளில் எழுதி, கலக்கி, எடுத்துச் செய்யுங்கள். விடை காண முன் ‘முறை இது, ஏனென்றால்…’ என்று ஒரு வரி. நேரம் இல்லாத நாளில் அந்த ஒரு வரியை மட்டும் பதினைந்து கணக்குக்கு எழுதி நிறுத்தினாலும் பயனுண்டு.

கடந்தகால வினாத்தாள்

வினாத்தாளைச் ‘செய்து முடிப்பது’ கொழும்பில் ஒரு போட்டியாகிவிட்டது. பத்து வருடம் முடித்தாச்சா, பதினைந்து வருடமா என்று கேட்கிறார்கள். புள்ளித்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடித்த பதினைந்து வருடம், மூடிவைத்துச் செய்த மூன்று வருடத்துக்கு ஈடாகாது.

உயர்தர விஞ்ஞானப் பாடங்களின் பல்தேர்வு வினாத்தாளில் 50 வினா, இரண்டு மணித்தியாலம். ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். வீட்டில் செய்யும்போது விடைத் தெரிவுகளை அட்டையால் மறைத்து, முதலில் உங்கள் விடையைச் சொல்லிவிட்டுத் தெரிவுகளைப் பாருங்கள். ‘பின்வருவனவற்றுள் எது’ வகை வினாக்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குப் பிழையான ஒவ்வொரு தெரிவும் ஏன் பிழை என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்து: உ என்றால் உறுதி, அ என்றால் அரைகுறை, ஊ என்றால் ஊகம்.

திருத்தும்போது ஊகித்துச் சரியானதைச் சரி என்று எண்ண வேண்டாம். உறுதி என்று போட்டுப் பிழைத்தவைதான் தங்கச் சுரங்கம். உறுதியாக நம்பிய பிழையைத் திருத்தும்போது அந்த அதிர்ச்சியால் சரியான விடை நன்றாகப் பதிகிறது என்று பட்டர்ஃபீல்டும் மெற்கால்ஃபும் 2001இல் காட்டினார்கள். ஆனால் மறுபடி சோதிக்காமல் விட்டால் பழைய பிழை சில நாளில் திரும்பி வந்து உட்காரும். ஆகவே ஒரு பிழைக் கொப்பி, ஐந்து நிரல்: திகதி, வினா இலக்கம், நான் எழுதியது, காரணம், மறுபடி செய்யும் திகதி. காரணம் நாலே வகை: தெரியாது, மறந்தது, வினாவைச் சரியாக வாசிக்கவில்லை, கணிப்பில் தவறு. ‘கவனக்குறைவு’ என்று எழுத வேண்டாம், அதில் திருத்த எதுவும் இல்லை. ‘பிழையானது எது என்பதைச் சரியானது எது என்று வாசித்தேன்’ என்று எழுதினால் அடுத்த தடவை அந்தச் சொல்லுக்குக் கீழே கோடிடலாம்.

கட்டுரை வினாவுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளைத் தேடிப் பிடியுங்கள். மாணவர்கள் எங்கே புள்ளி இழந்தார்கள் என்பதைப் பரீட்சகர்களே சொல்கிறார்கள்.

சொல்லுக்குச் சொல் பாடமாக்க வேண்டியவை

விளங்கிப் படி, பாடமாக்காதே என்று அறிவுரை சொல்வது எளிது. விதி, வரைவிலக்கணம், செய்யுள் மூன்றையும் பாடமாக்கத்தான் வேண்டும். முதலில் பொருளைச் சொந்தச் சொல்லில் சொல்லிப் பாருங்கள். பிறகு முழு வசனத்தையும் ஒரு தடவை எழுதுங்கள். அதன் கீழ் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் எழுதி, அதைப் பார்த்து வசனத்தைச் சொல்லுங்கள். தடங்கலில்லாமல் வந்தால் முதல் எழுத்துகளையும் மூடுங்கள். செய்யுளில் எதுகையும் மோனையும் இந்த வேலையைத் தாமே செய்கின்றன. அச்சுக்கு முன் செய்யுள் வாய்வழி நின்றதற்கு அவையும் காரணம். நீண்ட பாடலில் நடுப்பகுதிதான் எப்போதும் நழுவும், முதலும் கடைசியும் நிற்கும். பயிற்சியைச் சில நாள் நடுவிலிருந்து தொடங்குங்கள்.

பிறருக்குச் சொல்லிக் கொடுத்தல்

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்குச் சொல்கிறார்: ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் காற்பங்குதான் பற்றும், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு உரைப்பதில் மீதி இரு கால். அளவுகளை அப்படியே எடுக்கத் தேவையில்லை, திசை சரி. தங்கைக்கோ நண்பனுக்கோ பத்து நிமிடம் சொல்லுங்கள், நோட்ஸ் பார்க்காமல். ‘அது வந்து… அது ஒரு மாதிரி…’ என்று இழுபடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைய வெற்றுத்தாள் அங்கிருந்து தொடங்கும். கூட்டுப் படிப்பு இருவர் அல்லது மூவருக்குள் நடந்தால் படிப்பு, ஐந்து பேரானால் கொத்து ரொட்டி.

நித்திரை, தேநீர், போன், இடம்

ஜென்கின்ஸ், டலன்பாக் இருவரும் 1924இலேயே கண்டது: பாடமாக்கிய பின் நித்திரை கொண்டால், அதே அளவு நேரம் விழித்திருப்பதைவிட மறதி குறைவு. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும். காலை ஆறு மணி வகுப்புக்கு நாலரைக்கு எழும்புகிறவர் இரவு எட்டரைக்கு மேல் விழித்திருந்தால், விழித்திருந்து படித்ததையே அது தின்றுவிடும். மாலை ஆறு மணிக்குக் குடித்த கோப்பியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு பதினொரு மணிக்கும் உடலில் இருக்கும். பிளேன்டீயிலும் கஃபீன் உண்டு. நாலு மணியோடு நிறுத்துங்கள்.

போன் அடுத்த அறையில். தலைகீழாக மேசையில் அல்ல.

ஓர் அறை அனெக்ஸில் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவில் இருப்பவர்களுக்குக் கொழும்பு பொது நூலகமும் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகமும் இருக்கின்றன. ஒரே மேசை, ஒரே கதிரை என்று பழகிக்கொள்ளாமல் இடத்தை மாற்றி மாற்றிப் படிப்பதும் நல்லது. பரீட்சை நடப்பது உங்கள் மேசையில் அல்ல.

நீங்கள் பார்த்துப் படிக்கும் வகையா, கேட்டுப் படிக்கும் வகையா என்று சோதித்துச் சொல்லும் கருத்தரங்குகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். வகைக்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதலாகப் படிப்பார்கள் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று பாஷ்லரும் சகாக்களும் 2008இல் விரிவாக ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். ஹைலைட்டர் விடயம்: டன்லொஸ்கி குழு 2013இல் பத்துப் படிப்பு முறைகளைத் தரம் பிரித்தபோது கோடிடுதலும் திரும்ப வாசித்தலும் கீழ்வரிசையில் விழுந்தன. தன்னைத் தானே சோதித்தலும் இடைவெளி விட்டுப் படித்தலும் மட்டுமே உயர்ந்த தரம் பெற்றன.

சிங்களம் படிக்கும் பெரியவர்களுக்கு

அட்டையின் முன்பக்கம் தமிழ், பின்பக்கம் சிங்களம். திருப்ப முன் உரக்கச் சொல்ல வேண்டும். எதிர்த்திசை அட்டைகள் காது பழக உதவும், பேச உதவாது. ‘வம’ (இடது), ‘தகுண’ (வலது) போன்ற சோடிச் சொற்களை ஒரே நாளில் படிக்காதீர்கள். ஒன்றாகப் படித்த எதிர்ச்சொற்கள் முச்சக்கரவண்டியில் திரும்பும் நேரம் பார்த்து இடம்மாறும். ‘வம’ நன்றாகப் பதிந்து ஒரு கிழமை கழிந்த பின் ‘தகுண’. தனிச் சொல்லைவிடச் சிறு வசனம் நல்லது.

கடைசி மூன்று நாள்

புதிய பாடம் எதுவும் வேண்டாம். மூன்றாம் நாள் முன்பு, எல்லாத் தலைப்புகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிட வெற்றுத்தாள். தடைப்பட்டவற்றுக்கு மட்டும் புள்ளி வையுங்கள். இரண்டாம் நாள் முன்பு, புள்ளி வைத்தவையும் பிழைக் கொப்பியும். முந்தைய நாள், முதலாம் அறையில் மிஞ்சிய அட்டைகள், சூத்திரத் தாள், அவ்வளவுதான். இந்த ஒரு நாளில் மட்டும் திரும்ப வாசிப்பதில் தவறில்லை, ஐந்து நிமிடச் சோதனையில் வாசித்தவர்களே மேல் என்பதை மறக்க வேண்டாம்.

இரவு எட்டரைக்கு அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு பேனை, தண்ணீர்ப் போத்தல். காலையில் மண்டப வாசலில் யாராவது ‘இது படிச்சியா?’ என்று கேட்டால் சிரித்துவிட்டு அப்பால் போங்கள். வினாத்தாள் கைக்கு வந்ததும், எழுதத் தொடங்கலாம் என்று சொன்ன பின், நழுவக்கூடிய சூத்திரங்களையும் ஆண்டுகளையும் முதல் இரண்டு நிமிடத்தில் கிறுக்கல் தாளில் இறக்கிவையுங்கள். வினா ஒன்றில் விடை வராவிட்டால் ஒரு நிமிடம் காத்திருந்து, குறி வைத்து, அடுத்ததற்குப் போங்கள். திரும்பி வரும்போது அது பெரும்பாலும் வந்து நிற்கும்.